கடல்கோளும் கடலடி மண்ணும்

குமரிக்கண்டக் கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுந்தோர் பலரும் கடல்கோளிலிருந்தே தம் நூலைத் தொடங்குவர். தென்மதுரை, கபாடபுரம், பஃறுளியாறு, குமரிக்கோடு என்னும் பெயர்களைத் தமிழ் பயின்றோர் அறியாதிருத்தல் அரிது. இப்பெயர்களோடு 'குமரிக்கண்டம்' என்னும் பெருநிலப்பரப்பின் கதையும் இலக்கிய வரலாற்று நூல்களிலும் மேடைகளிலும் ஆண்டுமலர்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆப்பிரிக்கா வரையிலும் ஆஸ்திரேலியா வரையிலும் பரந்து கிடந்த ஒரு கண்டம் இருந்தது. அதிலேதான் முதல் மாந்தனும் முதல் மொழியும் தோன்றின. பின்னர் அது கடலுள் மூழ்கியது என்பது அக்கதையின் சுருக்கம்.

இதனை முழுவதும் மெய்யெனக் கொள்வார் ஒருசாரார். முழுவதும் பொய்யெனத் தள்ளுவார் மற்றொருசாரார். முன்னவர் நூற்சான்றை அளவுக்கு மேல் நீட்டுகின்றனர். பின்னவர் நூற்சான்றைப் படியாமலே ஒதுக்குகின்றனர். இவ்விருவர்க்கும் நடுவே நின்று தீர்ப்புக் கூறத்தக்க சான்று ஒன்று உண்டு. அது கடலின் அடியிலே படிந்து கிடக்கும் மண். அம்மண்ணைப் படிக்கும் கலை கடந்த எழுபது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. அக்கலையின் முடிபுகளை நம் நூற்சான்றுகளோடு ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல்கள் கூறுவன

முதற்கண் நூல்கள் கூறுவது யாது என்பதைக் காலமுறைப்படி வகுத்துக் காணல் வேண்டும். பலரும் இதனைச் செய்வதில்லை. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு பஃறுளியாற்றின் மணலைக் குறிக்கிறது. அவ்வாறு கடலுள் மறைந்ததாக அப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. கலித்தொகையின் நூற்று நான்காம் பாட்டு, பாண்டியன் ஒருவன் தன் நிலத்தைக் கடல் கொண்டபோது சோர்வுறாமல், சோழர் சேரர் நிலங்களுள் புகுந்து, புலியையும் வில்லையும் நீக்கி மீன் பொறித்தான் என்கிறது. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை, பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதனையும் அதற்கீடாகப் பாண்டியன் வடக்கே நிலங்கொண்டதனையும் கூறுகிறது.

இவற்றிற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது இறையனார் அகப்பொருளுரை. முதற்சங்கம் 4,440 ஆண்டும், இடைச்சங்கம் 3,700 ஆண்டும், கடைச்சங்கம் 1,850 ஆண்டும் நிலவின என்னும் கணக்கு இவ்வுரையில்தான் காணப்படுகிறது. முன்னிரு சங்கங்கள் இருந்த நகரங்களையும் கடல் கொண்டதாக இது கூறும். அதற்கும் பிற்பட்டவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். பஃறுளியாற்றிற்கும் குமரியாற்றிற்கும் இடையே எழுநூற்றுக் காவதம் என்றும், அதனுள் ஏழ்தெங்க நாடு முதலாக ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும் விரித்தவர் அவரே. உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அவ்வுரையோடு பதிப்பித்த பின்னரே இச்செய்தி தமிழ்நாடெங்கும் பரவியது.

இவ்வரிசையை நோக்கின் ஓர் உண்மை தெற்றென விளங்கும். பாட்டில் ஓர் ஆறும் ஒரு மலையுமாக இருந்த இழப்பு, உரையில் நகரங்களாகிறது. பின்னுரையில் நாற்பத்தொன்பது நாடுகளாகிறது. காலம் செல்லச்செல்ல இழந்த நிலத்தின் அளவு பெருகுகிறது. நிகழ்ச்சிக்கு அண்மையில் இருந்தோர் சிறிதாகவும், சேய்மையில் இருந்தோர் பெரிதாகவும் கூறுவராயின், சிறிதையே முதலிற் கொள்ளுதல் ஆராய்ச்சி முறை.

மேலும் ஒன்று. இதே அடியார்க்கு நல்லார் பிறிதோரிடத்தில், பாண்டியன் இழந்த நாட்டிற்கு ஈடாகக் கொண்டவை சோழநாட்டு எல்லையில் முத்தூர்க் கூற்றமும் சேரநாட்டுக் குண்டூர்க் கூற்றமும் என்கிறார். கூற்றம் என்பது ஒரு நாட்டின் உட்பிரிவு. நாற்பத்தொன்பது நாடுகளை இழந்த மன்னன் இரண்டு கூற்றங்களால் மனநிறைவு கொண்டான் என்பது பொருந்துமா? குமரிக்கண்டம் பற்றி எழுதுவோர் முதற்செய்தியை மேற்கோள் காட்டுவர், இரண்டாவதை விட்டுவிடுவர். ஒரே உரையாசிரியரின் இரு கூற்றுகளுள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்தல் நடுவுநிலை ஆகாது.

எழுநூற்றுக் காவதம் என்னும் அளவையும் எண்ணிப் பார்க்கலாம். காவதம் பத்து மைல் என்னும் வழக்கைக் கொண்டால் 7,000 மைல் ஆகிறது. கன்னியாகுமரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எட்டுப் பாகையில் உள்ளது. அங்கிருந்து தென்துருவம் தொண்ணூற்றெட்டுப் பாகை. பாகைக்கு 69 மைல் வீதம் 6,762 மைல். அஃதாவது, அடியார்க்கு நல்லாரின் நிலம் நேர்தெற்கே கிடந்ததாயின் தென்துருவத்தையும் தாண்டிச் செல்லும். காவதத்தை இரண்டரை மைலாகக் குறைத்துக் கொண்டாலும் 1,750 மைல் வரும். உரையாசிரியர் அளந்து கூறவில்லை. மிகப் பெரிது என்னும் கருத்தையே எண்ணால் கூறினார் எனக் கொள்வதே அவர்க்குப் பெருமை.

இலெமூரியா வந்த வழி

கண்டம் என்னும் கருத்து நம் நூல்களிலிருந்து வந்ததன்று. 1864-இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாஸ்கர் தீவின் விலங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். இலெமூர் என்னும் தேவாங்கினத்து விலங்குகளும் அவற்றின் உறவினமும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவானேன் என்னும் வினாவிற்கு விடையாக, இடையே ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் என்றார். அவ்விலங்கின் பெயரையே அதற்கு இட்டார். ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் அதனை மாந்தன் தோன்றிய இடமாக இருக்கலாம் என ஊகித்தார். பின்னர்ப் பிரம்மஞான சபையினரும் அதனை எடுத்துக்கொண்டனர். 1904-இல் ஸ்காட் எலியட் எழுதிய நூலின் இலெமூரியா, அகக்காட்சியால் அறிந்ததாகக் கூறப்பட்டது.

தமிழில் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1903-இல் வெளியிட்ட 'தமிழ்மொழியின் வரலாறு' இந்த இலெமூரியாவையும் நம் குமரிநாட்டையும் ஒன்றுபடுத்தியது. அதன்பின் கா. அப்பாத்துரையார் 'குமரிக்கண்டம்' என்னும் பெயரிலேயே நூலெழுதினார். மொழிநூலறிஞர் தேவநேயப் பாவாணர் தம் மொழியாராய்ச்சி முழுவதற்கும் அதனை அடிப்படையாக்கினார். 1966-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது பெருநூலும் அவ்வடிப்படையின் மேலேயே எழுப்பப்பட்டது.

இவர்களைக் குறைகூறுதல் எளிது, முறையன்று. 1903-இல் இலெமூரியா மேல்நாட்டு அறிவியலாரும் பேசிய ஒரு கொள்கை. தமக்குக் கிடைத்த அறிவியலோடு தம் நூற்சான்றை இணைத்துப் பார்த்த சாஸ்திரியார் தம் காலத்திற்கு ஏற்பவே நடந்தார். பிழை பின்வந்தோருடையது. 1912-இல் வேக்னர் கண்டப் பெயர்ச்சிக் கொள்கையை வெளியிட்டார். 1963-இல் வைன், மேத்யூஸ் என்னும் இருவர், நம் இந்துமாக்கடலின் வடமேற்கே உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் மேல் எடுத்த காந்த அளவைகளைக் கொண்டே, கடற்றரை நடுவே பிளந்து இருபுறமும் விரிகிறது எனக் காட்டினர். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாயிருந்து ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகட்கு முன் பிரிந்தன. இடையில் ஒரு கண்டம் மூழ்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்க்ளேட்டரின் வினாவிற்கு வேறு விடை கிடைத்தபின் அறிவியலார் இலெமூரியாவைக் கைவிட்டனர். தமிழ் நூல்கள் அதனைக் கைவிடவில்லை.

மண்ணைப் படிக்கும் முறை

நிற்க. கடலடி மண் எவ்வாறு பேசுகிறது என்பதைக் காண்போம். தைப்பிங் வட்டாரத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. பழைய ஈயச் சுரங்கத்தின் வெட்டுச்சுவரைப் பார்த்தவர், மேலே கறுப்பு மண், அதன்கீழ்க் களிமண், அதன்கீழ் மணல், அதன்கீழ் ஈயக்கனி என அடுக்கடுக்காய்க் கிடப்பதைக் கண்டிருப்பர். கீழே உள்ளது முந்தியது. மேலே உள்ளது பிந்தியது. கடலடியிலும் அவ்வாறே. கப்பலிலிருந்து நீண்ட இரும்புக் குழாயைக் கடற்றரையில் இறக்கினால், அடுக்குக் குலையாமல் மண் குழாயினுள் ஏறிவிடும். அதனை நீளவாக்கில் பிளந்து, விரற்கடை விரற்கடையாக எடுத்து ஆராய்வர்.

அம்மண்ணில் போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் சுண்ண ஓடுகள் கலந்திருக்கும். மணலளவே உள்ள இவற்றுள் குளிர்நீரில் வாழும் இனமும் வெந்நீரில் வாழும் இனமும் வேறுவேறு. எந்த அடுக்கில் எந்த இனம் மிகுதி எனக் கண்டால் அக்காலத்து நீரின் தன்மை புலப்படும். அன்றியும், உயிர்வளியில் இலேசானதும் கனமானதும் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது இலேசானது முந்தி எழும்; அது துருவத்தில் பனியாகத் தங்கிவிட்டால் கடலில் கனமானது மிகும். அக்கடலில் வாழ்ந்த உயிரின் ஓட்டிலும் அது பதியும். 1955-இல் எமிலியானி இம்முறையால் கடலின் பழைய வெப்பநிலையைக் கணித்தார். 1967-இல் ஷாக்கிள்டன், ஓட்டிலுள்ள இம்மாற்றத்தில் பெரும்பங்கு உலகப் பனியின் அளவையே காட்டுகிறது எனத் திருத்தினார். காலத்தை அறியக் கதிர்க்கரி முறை உதவும். அதனைக் கண்ட லிபி என்பார்க்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கலை இன்று நுட்பமாக நடைபெறும் இடங்களுள் ஒன்று வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்திலுள்ள கொங்ஸ்பியோர்டன். மலைகளுக்கிடையே கடல் நீளமாய்ப் புகுந்த குடாவைப் பியோர்டு என்பர். அட்லாண்டிக்கின் வெம்மையான நீரும் துருவத்தின் குளிர்நீரும் அக்குடாவின் வாயிலில் எதிர்ப்படுகின்றன. எந்நீர் மிகுந்து உட்புகுந்தது என்பதை அடுக்கு அடுக்காக நுண்ணோடுகள் காட்டுகின்றன. பனியாறு கடலில் விழும் உள்முனையில் மண் ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் குவிகிறது; ஆகவே அண்மைக்கால மாற்றங்களை அங்கே தெளிவாகப் படிக்கலாம். பனிக்கட்டி சுமந்து வந்து உதிர்த்த பரற்கற்களும் மண்ணிற் கிடந்து, அக்காலத்தில் பனி மிதந்ததற்குச் சான்று பகர்கின்றன.

இந்தியா 2008-இல் அக்குடாவின் கரையில் 'ஹிமாத்ரி' என்னும் ஆய்வு நிலையத்தை நிறுவியது. 2014 ஜூலையில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் வடிவமைத்த கருவித்தொடர் ஒன்று அக்குடாவில் ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. 'இன்டார்க்' எனப்படும் அது நீரின் வெம்மையையும் உப்பையும் இடையறாது அளக்க அமைந்தது. இன்றைய நீரை அளந்தறிந்தால்தான் பழைய மண்ணின் குறிப்புகளுக்குப் பொருள் காண இயலும். சொல்லின் இன்றைய வழக்கை அறிந்தே அதன் பழம்பொருளைத் தேடும் மொழிநூலார் முறையும் இதுவே அன்றோ?

இக்கலைக்கும் குறைகள் உண்டு. புழுக்கள் மண்ணைக் கிளறி மேலடுக்கையும் கீழடுக்கையும் கலந்துவிடும். கடல்நீரின் கரி பழமையேறியதாதலால், ஓடுகளின் வயது சில நூறாண்டு கூடுதலாகத் தோன்றும். அதனைக் கழித்துக் கணக்கிடல் வேண்டும். ஆயினும் இப்பிழைகள் நூறு, ஆயிரம் ஆண்டுகளைப் பற்றியன. ஒரு கண்டத்தை இருந்தது எனவோ இல்லை எனவோ மாற்றிவிடத்தக்க பிழைகள் அல்ல.

ஆழ்கடல் கூறும் தீர்ப்பு

இனி, கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடலுக்கு வருவோம். அங்கே நிலத்திற்குத் தொலைவில் மண் மிக மெல்லப் படிகிறது. ஆயிரம் ஆண்டிற்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரையே. இந்த ஒரு செய்தியைக் கொண்டே குமரிக்கண்டக் கொள்கையைச் சோதிக்கலாம். பத்தாயிரம் ஆண்டுகட்கு முன் அங்கே நிலம் இருந்திருந்தால், அதன்மேல் இன்றுவரை படிந்த கடல்மண் ஒரு முழத்திற்கு மேல் இராது. அம்முழத்தின் கீழ் ஆற்றுமணலும், வேரும், மகரந்தமும், மக்கிய இலையும் கிடைத்தாக வேண்டும். குழாய்கள் பல மீட்டர் ஆழம் இறங்குவன. கிடைப்பதோ பல இலட்சம் ஆண்டுகளாய் இடையறாது படிந்த ஆழ்கடற் சேறு. குளோமார் சாலஞ்சர் என்னும் துளைக்கப்பல் 1972-இல் இந்துமாக்கடலில் பலவிடங்களில் இன்னும் ஆழமாகத் துளைத்தபோது, கோடிக்கணக்கான ஆண்டுகளின் கடல்மண் வெளிப்பட்டது.

மூழ்கிய நிலத்தை மண் மறைத்துவிடும் என்று சொல்வாரும் உளர். அதற்கு விடையும் அக்கப்பலே தந்தது. வங்கக் கடலிலிருந்து தெற்கே நீளும் தொண்ணூறாம் பாகை மலைத்தொடரில் 214 என எண்ணிட்ட இடத்தில் துளைத்தபோது, கடல்மண்ணின் கீழே பழுப்பு நிலக்கரியும் தாவர மகரந்தமும் கிடைத்தன. எரிமலைத் தீவாய்க் காடு அடர்ந்திருந்த அவ்விடம் பின்னர்க் கடலுள் தாழ்ந்தது என்பது ஐயமற விளங்கிற்று. ஆனால் அதன் காலம் ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகட்கு முன். ஆக, நிலம் மூழ்கிய இடத்தில் மண் அதனை மறைக்கவில்லை. ஆறு கோடி ஆண்டு கழித்தும் காட்டிக் கொடுக்கிறது. ஆறாயிரம் ஆண்டு, பத்தாயிரம் ஆண்டுக்கு முன் மூழ்கிய கண்டத்தை மட்டும் அது மறைத்துவிடும் என்பதற்கு இடமில்லை.

2013-லும் 2017-லும் மொரீசியஸ் தீவின் அடியில் பழங்கண்டத் துண்டு ஒன்று உள்ளது என்னும் செய்தி வெளிவந்தது. தீவின் எரிமலைப் பாறைகளில், அத்தீவினும் மிகப் பழைய சிர்க்கான் மணிகளைக் கண்டு அறிஞர் அம்முடிபிற்கு வந்தனர். அதனைக் குமரிக்கண்டத்தின் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அத்துண்டு மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தபோது சிதறியது; மாந்தன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டு முந்தியது. அச்செய்தி மெய், அதிலிருந்து பெறும் முடிபு பொய்.

கரைக்கடல் கூறும் தீர்ப்பு

ஆழ்கடல் இல்லையென்று சொன்னதால் கடல்கோளே இல்லையென்று முடித்துவிடலாமா? கூடாது. கரையோரத்து ஆழங்குறைந்த கடல் வேறு கதை கூறுகிறது. ஏறத்தாழ 21,000 ஆண்டுகட்கு முன் உலகில் பனி மிகுந்திருந்த காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இலங்கையும் தமிழகமும் ஒரே நிலம். கன்னியாகுமரிக்குத் தெற்கே இன்று மீனவர் வலைவீசும் வாட்ஜ் கடல்மேட்டின் பெரும்பகுதி தரையாய் இருந்திருத்தல் வேண்டும். பனி உருகக் கடல் ஏறியது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகட்கு முன் இலங்கை தீவாகப் பிரிந்தது. கடல் கொண்ட தென்னிலம் ஒன்று உண்டு என்பது இதனால் மெய்யாகிறது. ஆனால் அது பல கல் தொலைவு நீண்ட கரைநிலம், கண்டம் அன்று.

மலேசியத் தமிழர்க்கு இதன் சான்று வீட்டு வாயிலிலேயே உள்ளது. தீபகற்பத்திற்கும் போர்னியோவிற்கும் சுமத்திராவிற்கும் இடைப்பட்ட கடல் முழுதும் அக்காலத்தில் ஆறுகள் ஓடிய சமவெளி. சுந்தா நிலத்திட்டு என்பது அதன் பெயர். பங்கா தீவின் கடலில் ஈயம் தோண்டுவோர், கடலுள் மூழ்கிய பழைய ஆற்றுப்படுகைகளிலிருந்தே ஈயக்கனியை எடுக்கின்றனர். 2000-ஆம் ஆண்டில் ஹானபுத் முதலிய மூவர், இத்திட்டின் மண்தண்டுகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 14,600 முதல் 14,300 ஆண்டுகட்கு முன்வரை, முந்நூறு ஆண்டிற்குள் கடல் 16 மீட்டர் உயர்ந்தது என்று கண்டனர். அஃதாவது ஆண்டிற்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். மேடுபள்ளம் குறைந்த சமவெளியில் இவ்வுயர்வு, பாட்டன் வாழ்ந்த ஊர் பேரன் காலத்தில் கடலாகும் அளவுக்குப் போதும்.

ஆயினும் இதனைப் பஃறுளியாற்றுச் செய்தியோடு நேரே முடிச்சிடுதல் அவசரம். அவ்வுயர்விற்கும் நம் பழம்பாட்டுகட்கும் இடையே பன்னீராயிரம் ஆண்டு கிடக்கிறது. வாய்மொழி நினைவு அவ்வளவு காலம் நாட்டின் பெயரும் ஆற்றின் பெயரும் கெடாமல் நிலைக்கும் என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். 'நிகழ்ந்திருக்கலாம்' என்பது 'நிகழ்ந்தது' ஆகாது.

கடல் கொடுத்த நிலம்

குமரிக்கண்டம் பேசுவோர் கருதாத மற்றொரு பக்கமும் உண்டு. கடல் எப்போதும் நிலத்தைக் கொள்வதில்லை, கொடுக்கவும் செய்கிறது. 1979-இல் கேய், குட்ராஸ், ஸ்ட்ரைப் என்னும் மூவர், மலாக்கா நீரிணைப் பகுதியில் மண்ணடியிற் கிடந்த கண்டல் மரக் காடுகளின் மக்கை ஆராய்ந்து கடல்மட்ட வரலாற்றை வரைந்தனர். கண்டல் அலைபடும் கரையில் மட்டுமே வளர்வது. ஆதலால் அதன் மக்குக் கிடைக்கும் ஆழமே அக்காலத்துக் கடல்மட்டம். அதன்படி, 8,000 ஆண்டுகட்கு முன் தாழ்ந்திருந்த கடல் ஏறி, நாலாயிரம் ஐயாயிரம் ஆண்டுகட்கு முன் இன்றைய மட்டத்தினும் சில மீட்டர் உயர்ந்து நின்று, பின்னர்ப் பின்வாங்கியது. செபராங் பிறையின் குவார் கெப்பாவில் அக்காலத்து மக்கள் தின்று குவித்த சிப்பி மேடுகள் இன்று கடற்கரையிலிருந்து சில மைல் உள்ளே கிடப்பது இதனோடு பொருந்துகிறது.

தைப்பிங்கிலிருந்து பழைய போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோல செப்பத்தாங்கிற்கு, 1885-இல் நாட்டின் முதல் இருப்புப்பாதை போடப்பட்டது. அப்பாதை சென்ற தாழ்நிலம் பெரும்பாலும் கடல் பின்வாங்கி, ஆறுகள் வண்டலைக் கொட்டி, கண்டல் வேர்விட்டு உண்டானது. மாத்தாங் கண்டற்காடு இன்றும் நாற்பதாயிரம் ஹெக்டர் அளவில் அக்கரையைக் காத்து நிற்கிறது. அக்கரையிலுள்ள கோல செலின்சிங்கில் 1930-ஆம் ஆண்டையொட்டி ஈவன்ஸ் தோண்டியபோது, சேற்றில் நட்ட வீட்டுக் கால்களும், மணிகளும், ஸ்ரீவிஷ்ணுவர்மன் பெயர் பொறித்த செம்மணி முத்திரையும் கிடைத்தன. சேறு மரத்தையும் மணியையும் நூற்றாண்டுக் கணக்கில் காத்து வைத்திருந்தது.

தமிழகத்திலும் இதுவே. பாண்டியரின் முத்துத்துறை கொற்கை கடலுள் மூழ்கவில்லை. பொருநையின் வண்டலால் கடல் விலகி, இன்று உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கிறது. கொற்கையைக் கடல் கைவிட்டதையும் பூம்புகாரைக் கடல் கொண்டதையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவரே கரையின் வரலாற்றை அறிந்தவராவர்.

திடீர்க் கடல்கோள்

'கடல் கொண்டது' என்னும் தொடர் மெல்ல ஏறிய கடலைக் குறித்ததா, ஒருநாள் பொங்கிய பேரலையைக் குறித்ததா என்பதும் ஆராயத்தக்கது. 2004 டிசம்பர் 26-க்கு முன்னர்ப் பலர்க்கு இரண்டாவது பொருள் தோன்றவில்லை. அதன்பின் தாய்லாந்தின் பிரா தோங் தீவில் மண்ணைத் தோண்டிய அறிஞர், கறுத்த சேற்று அடுக்குகளுக்கிடையே வெள்ளிய மணல் அடுக்குகளைக் கண்டனர். மேலே கிடந்தது 2004-இன் அலை கொணர்ந்தது. அதன்கீழ் அதுபோன்ற அடுக்குகள் மேலும் இருந்தன. அவற்றுள் அண்மையது ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டுகட்கு முன் படிந்தது என 2008-இல் வெளியிட்டனர். பேரலை ஒருமுறை வந்ததன்று, மீண்டும் மீண்டும் வருவது என்பதற்கு மண்ணே சான்றாயிற்று. கலித்தொகைப் பாட்டு கடல் ஊர்ந்து நிலங்கொண்டதைப் பாண்டியனின் வாழ்நாளில் நிகழ்ந்ததாகவே கூறுகிறது. ஒரு மன்னனின் வாழ்நாளுக்குள் அடங்கும் கடல்கோள் எனின், பேரலையோ பெரும்புயலோ என்று கொள்வதே அப்பாட்டோடு மிகப் பொருந்தும். 1964-இல் தனுஷ்கோடியை ஒரே இரவில் புயற்கடல் அழித்ததை நாம் அறிவோம். கண்டம் ஒன்று மூழ்குவதற்கு மன்னர் பலரின் காலமும் போதாது.

ஆசிரியர் கடமை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று: கடல்கோள் பற்றிய பழம்பாட்டுச் செய்தி நம்பத்தக்கது, கரைநிலம் கடலுட் சென்றமைக்கு மண்ணின் சான்றும் உண்டு. இரண்டு: ஆப்பிரிக்கா வரை பரந்த குமரிக்கண்டம் மாந்தர் காலத்தில் இருந்ததில்லை, ஆழ்கடல் மண் அதனை மறுக்கிறது. மூன்று: சங்க ஆண்டுக் கணக்கும் எழுநூற்றுக் காவதமும் உரையாசிரியர் காலத்து மரபுகள், அவற்றை மரபென்றே கற்பித்தல் வேண்டும், வரலாறென்று அன்று.

இவ்வேறுபாடு புலவர்க்குள் நிகழும் வெறும் வழக்கன்று. காலையில் அறிவியல் வகுப்பில் கண்டப் பெயர்ச்சியைக் கற்ற மாணவன், மாலையில் தமிழ் வகுப்பில் குமரிக்கண்டத்தைக் கேட்கிறான். இரண்டும் உண்மையாகா என்பதை அவன் விரைவில் உணர்வான். அப்போது அவன் ஐயுறுவது இலெமூரியாவை மட்டுமன்று. அதனைச் சொன்ன ஆசிரியரையும், அவர் கற்பித்த புறநானூற்றையும் சேர்த்தே ஐயுறுவான். பொய்யான ஒரு கண்டத்தைக் காக்கப் போய் மெய்யான ஓர் இலக்கியத்தை இழத்தல் எவ்வளவு பெரிய இழப்பு! தமிழின் தொன்மைக்குச் சங்கப் பாட்டுகளும் பழங்கல்வெட்டுகளுமே போதிய சான்று. அதற்கு மூழ்கிய கண்டத்தின் துணை வேண்டுவதில்லை.

1966-இல் தனிநாயக அடிகளாரின் முயற்சியால் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது. தமிழாராய்ச்சி உலக அறிஞர் அவையில் சான்று காட்டி நிற்க வேண்டும் என்பது அம்மாநாட்டின் உட்கருத்து. அவ்வழியிற் செல்வோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கடல்கோளைப் பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியர், கலித்தொகைப் பாட்டையும், அடியார்க்கு நல்லாரின் இரு கூற்றுகளையும், மண்தண்டின் அடுக்கு வரைபடத்தையும் ஒருங்கே மாணவர்முன் வைத்து, எது எதனை நிறுவுகிறது, எது எதனை நிறுவவில்லை என அவர்களையே ஆராயச் செய்யலாம். வாய்ப்புள்ளோர் மாணவரை மாத்தாங் கரைக்கு அழைத்துச் சென்று, ஆற்றோரத்து வெட்டுக்கரையில் சேற்றின் அடுக்குகளைக் காட்டலாம். கடல் நிலத்தைக் கொண்டதும் கொடுத்ததும் அங்கே எழுதிக் கிடக்கின்றன. அதைப் படிக்கப் பழகும் மாணவருள் சிலரேனும் நாளை கப்பலேறிக் குமரிமுனைக் கடல்மேட்டு மண்ணையும் படிப்பர். பஃறுளியாறு பற்றி மெய்யாகப் பேசும் தகுதி அவர்க்கே உண்டாகும்.